அச்சமும் ஆயத்தமும்

முதன்முறையாகக் கடல் கடந்து, முன்பின் அறியாத நகரமொன்றுக்குச் செல்லவிருக்கும் இளைஞரின் உள்ளத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றாகவே எழுகின்றன. பயணச்சீட்டு வாங்கிய நாளில் மகிழ்ச்சி மிகுதியாக இருக்கும்; புறப்படும் நாள் நெருங்க நெருங்க அச்சம் மிகுதியாகும். இது கோழைத்தனம் அன்று. விடை தெரியாத வினாக்கள் பல ஒரே நேரத்தில் மனத்தை அழுத்துவதால் உண்டாகும் நிலையே இது. அவ்வினாக்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விடை தேடுவதே பயணத் திட்டமிடல் ஆகும். இந்திய இளைஞர் பலருக்கு முதல் அயல்நாட்டு நகரமாக அமையும் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

அச்சத்தை வினாக்களாக மாற்றுதல்

“என்ன ஆகுமோ?” என்பது விடை கூற இயலாத வினா. “விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்திற்கு எப்படிச் செல்வது?” என்பது விடை கூறக்கூடிய வினா. முதல் வகை வினாவை இரண்டாம் வகை வினாக்களாக மாற்றுவதே பயணி செய்யவேண்டிய முதற்பணி.

இதற்கு ஒரு குறிப்பேடு போதும். மனத்தில் தோன்றும் அச்சங்கள் அனைத்தையும், அற்பமானவை என்று எதையும் ஒதுக்காமல், அதில் எழுதவேண்டும். பின்னர் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். வீட்டிலிருந்தே விடை அறியக்கூடியவை முதல் பிரிவு. ஆவணங்கள், பணம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவை இதில் அடங்கும். அங்குச் சென்றபின் பிறரைக் கேட்டு அறியக்கூடியவை இரண்டாம் பிரிவு. எந்தக் கடையில் உண்பது, எந்த வாயில் வழியே வெளியேறுவது என்பன போன்றவை இவை. மழை, விமானத் தாமதம் முதலிய நம் கையில் இல்லாதவை மூன்றாம் பிரிவு. பட்டியலை எழுதி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கண்டுகொள்வர்: அச்சங்களுள் மிகப்பல முதல் பிரிவிலேயே அமைந்திருக்கும்.

ஆவணங்கள்

அயல்நாட்டுப் பயணத்தின் அடிப்படை ஆவணம் பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டு. இந்தியாவில் 18 வயது நிறைந்தவர்களுக்கு அது 10 ஆண்டுகள் செல்லும். சிறுவர்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் நாள், இவற்றுள் எது முன்னதோ அதுவரை செல்லும். சிங்கப்பூருக்குச் செல்வோரின் கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்களேனும் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். ஆதலால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அதன் காலாவதி நாளைப் பார்த்தல் நன்று.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே விசா பெறவேண்டும். அதற்கு அப்பால், சென்றடையும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள், வருகை அட்டையை இணையவழி நிரப்பவேண்டும். அந்நாட்டு அரசின் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் வேறு தளங்களை நம்புதல் கூடாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், நண்பர் கூறியதையோ பழைய குறிப்பையோ மட்டும் நம்பாமல், அரசின் தளத்திலேயே சரிபார்க்கவேண்டும்.

ஒவ்வோர் ஆவணத்திற்கும் இரண்டு படிகள் தேவை. ஒன்றைப் பெட்டியில் வைக்கவேண்டும். மற்றொன்றை வீட்டாரிடம் கொடுக்கவேண்டும். 18 வயது நிறையாதவர் தனியே செல்வதாயின், விமான நிறுவனத்தின் விதிகளையும் பெற்றோர் தரவேண்டிய ஒப்புதலையும் முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது.

பெட்டியும் பணமும்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில் அமைந்துள்ளது. அங்குக் குளிர்காலம் என ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. ஆகவே, கம்பளி உடைகளுக்கு மாறாக மெல்லிய பருத்தி உடைகளும் ஒரு குடையும் போதும். அங்குள்ள மின்செருகிகள் செவ்வக வடிவிலான மூன்று முனைகளைக் கொண்டவை. இந்தியாவின் வட்ட முனைச் செருகிகள் அவற்றில் பொருந்தா. அதனால் ஒரு பொருத்தி தேவைப்படும். பவர் பேங்கைச் சரக்காக அனுப்பும் பெட்டியில் வைத்தல் கூடாது, கைப்பையிலேயே வைக்கவேண்டும். கைப்பையில் கொண்டுசெல்லும் நீர்மப் பொருள்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கலத்தில் இருத்தல் வேண்டும். மருந்துகள், ஒரு மாற்றுடை, ஆவணங்கள் ஆகியவையும் கைப்பையில் இருந்தால், பெட்டி வந்துசேரத் தாமதமானாலும் கலங்கவேண்டியதில்லை.

சிங்கப்பூரின் பணம் சிங்கப்பூர் டாலர். அங்கு வாழும் தமிழர் அதனை ‘வெள்ளி’ என்றும், அதன் நூறில் ஒரு பங்கைக் ‘காசு’ என்றும் வழங்குகின்றனர். பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமல், பணத்தாள், வங்கி அட்டை எனப் பிரித்து வைத்தல் அறிவுடைமை.

விமான நிலையத்தின் ஒழுங்கு

முதல் பயணிக்கு விமான நிலையமே பெரும் புதிராகத் தோன்றும். ஆயினும், அங்கு நிகழ்பவை எல்லாம் ஒரு வரிசையில் நிகழ்கின்றன. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்திற்கு முன் சென்றுவிட்டால் பதற்றமின்றி அவ்வரிசையைக் கடக்கலாம். முதலில், விமான நிறுவனத்தின் முகப்பில் பெட்டியை ஒப்படைத்துப் போர்டிங் பாஸ் பெறவேண்டும். அடுத்து, குடிநுழைவு அதிகாரி கடவுச்சீட்டைச் சரிபார்ப்பார். எங்குச் செல்கிறார், எதற்காக, எத்தனை நாள் என்று அவர் வினவக்கூடும். உண்மையைச் சுருக்கமாகக் கூறினால் போதும். அதன்பின் பாதுகாப்புச் சோதனை நடைபெறும். இறுதியாக, சீட்டில் குறித்த வாயிலுக்குச் சென்று காத்திருக்கவேண்டும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபின் இவ்வரிசை தலைகீழாக அமையும்: குடிநுழைவுச் சோதனை, பெட்டியைப் பெறுதல், சுங்கப் பகுதி, வெளிவாயில். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னோக்கித் திருப்பவேண்டும் என்பதை மறத்தல் கூடாது. தில்லியில் காலை 7 மணி ஆகும்போது சிங்கப்பூரில் 9.30 மணி.

அயல்நாட்டில் தமிழ் எழுத்து

சிங்கப்பூருக்கு ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். இதனால் அந்நகரில் தமிழ் எழுத்தைப் பொதுவிடங்களில் காணலாம். பெருவிரைவு ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடும் சீனத்தோடும் தமிழும் இடம்பெற்றுள்ளது. நாணயங்களில் ‘சிங்கப்பூர்’ என்னும் சொல் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. 1935-இல் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசு’ என்னும் நாளிதழ் அங்கிருந்து வெளிவருகிறது.

தமிழ்நாட்டிற்கு வெளியே பிறந்து வளரும் மாணவருக்குத் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வீட்டிலும் வகுப்பறையிலும் மட்டுமே கண்ணிற்படுகின்றன. தெருவிலுள்ள பலகைகள் வேறு மொழியில் அமைந்துள்ளன. அத்தகைய மாணவர் ஒருவர் அயல்நாட்டு ரயில் நிலையத்தில் ஒரு பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, வகுப்பில் கற்ற மொழி வழிகாட்டும் மொழியாகிறது.

இந்தி அறிந்தவருக்கும் அங்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நகரின் நடுவிலுள்ள ஒரு நிலையத்தின் பெயர் ‘டோபி காட்’. முற்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர்கள் அப்பகுதி ஓடையில் துணி வெளுத்தமையால் அப்பெயர் வந்தது.

ஒரு நாளின் திட்டம்

அச்சமுள்ள பயணி இருவகைத் தவறுகளைச் செய்யக்கூடும். எதையும் திட்டமிடாமல் செல்வது ஒன்று. ஒவ்வொரு மணித்துளியையும் திட்டமிட்டு, அதில் சிறிது பிறழ்ந்தாலும் கலங்குவது மற்றொன்று. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடையில் ஓய்வுநேரம் விடுவதே ஏற்றது.

முதல் நாளைப் பழக்கமான சூழலிலிருந்து தொடங்கலாம். காலையில் லிட்டில் இந்தியா பகுதியில், 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைக் காணலாம். அருகிலுள்ள தேக்கா நிலையத்தில் உணவங்காடி உண்டு. பல கடைகள் ஒரே கூரையின்கீழ் அமைந்த இத்தகைய உணவங்காடிகளின் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2020-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மேசையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால், அவ்விடத்தை ஒருவர் பிடித்து வைத்துள்ளார் என்பது பொருள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

பிற்பகலில் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா நிறத்தால் குறிக்கப்படும் வடகிழக்கு ரயில் பாதையில் சென்றால், மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அங்குச் சீனர்களின் கடைத்தெருக்களுக்கு நடுவே, 1827-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்துடன் நிற்கிறது. மாலையில் கடற்கரையோரம் உள்ள மெர்லயன் சிலையைக் காணலாம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அச்சிலை நகரின் அடையாளமாகத் திகழ்கிறது.

ரயிலில் ஏறும்போதும் இறங்கியபின்னும் அட்டையைப் பொறியில் காட்டவேண்டும். தொலைவிற்கேற்பக் கட்டணம் கழிக்கப்படும். ரயிலுக்குள் உண்பதும் பருகுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். தண்ணீர் பருகுவதற்கும் இவ்விதி பொருந்தும். அயல்நாட்டின் விதிகளை அறியாமை மன்னிப்புக்குரிய காரணமாகாது என்பதால், அவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

இடர் நேர்ந்தால்

வழி தவறுதல் இடர் அன்று. அது பயணத்தின் இயல்பு. அருகிலுள்ள ரயில் நிலையத்தைக் கேட்டறிந்து அங்குச் சென்றால், அறிந்த பாதைக்கு மீண்டுவிடலாம். தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் காகிதத்திலும் எழுதி வைத்திருக்கவேண்டும்; கைப்பேசியின் மின்னாற்றல் தீர்ந்தாலும் காகிதம் உதவும்.

கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல்துறையிடம் முறையிடவேண்டும். பின்னர் இந்தியத் தூதரகத்தை அணுகவேண்டும். தாயகம் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழை அது வழங்கும். முன்னரே எடுத்து வைத்த படி அப்போது பெரிதும் பயன்படும். சிங்கப்பூரில் காவல்துறையை 999 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸையும் தீயணைப்புப் படையையும் 995 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வீட்டாருடன் நாள்தோறும் பேசும் நேரம் ஒன்றை முன்பே முடிவு செய்துகொண்டால், பயணியின் கவலையோடு பெற்றோரின் கவலையும் குறையும்.

வீட்டிலேயே உள்ள வழிகாட்டிகள்

அறியாத நகரில் இறங்கும் அச்சத்தை வென்றவர்களைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்றவர்கள் பலர். கையில் ஒரு முகவரிச் சீட்டுடன், அவ்வூர் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல், அவர்கள் ரயிலிலிருந்து இறங்கினர். அவர்களுக்கு வழிகாட்டக் கைப்பேசி வரைபடம் இல்லை. கேட்டார்கள், தவறினார்கள், மீண்டும் கேட்டார்கள். கடைத்தெருவில் பொருள் வாங்கிக்கொண்டே மொழியைக் கற்றார்கள். பிள்ளைகளுக்கு இன்று சொந்த ஊராக உள்ள நகரம், அன்று அவர்களுக்கு அறியாத நகரம்.

அவர்கள் அஞ்சாமல் வந்தவர்கள் அல்லர், அச்சத்தோடு வந்தவர்கள். புறப்படும் முன்னாள் இரவில் இளம் பயணிக்கும் சிறிது அச்சம் எஞ்சியிருக்கும். அது முற்றும் நீங்கட்டும் எனக் காத்திருந்தால் பயணம் நிகழாது. ஆவணங்களும் குறிப்பேடும் கைப்பையில் இருக்க, எஞ்சிய அச்சத்துடனேயே புறப்படலாம்.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்னேற்பாடு
கடவுச்சீட்டு – அயல்நாடு செல்ல அரசு வழங்கும் ஆவணம்
குடிநுழைவு – ஒரு நாட்டினுள் புகுதல்
பிறழ்தல் – மாறுபடுதல்
எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி

1. “என்ன ஆகுமோ?” என்னும் வினாவுக்கு விடை கூற இயலாதது ஏன்?
2. பயணியின் அச்சங்களை எவ்வாறு மூன்றாகப் பிரிக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. மும்பையில் மாலை 5 மணி எனில், சிங்கப்பூரில் நேரம் என்ன?
4. டாலரைக் குறிக்கச் சிங்கப்பூர்த் தமிழர் வழங்கும் சொல் யாது? உங்கள் வீட்டில் வழங்கும் இத்தகைய தனிச்சொற்கள் மூன்றினை எழுதுக.
5. செயல்பாடு: நீங்கள் வாழும் நகருக்கு உங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? அந்த முதல் நாளில் அவர் எதற்கு அஞ்சினார், யாரிடம் வழி கேட்டார் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.