சாவி ஒன்றுதான்... பூட்டு திறக்கவில்லையே! வாக்கி டாக்கிகளுக்குள் ஒரு பஞ்சாயத்து

அமெரிக்காவில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரப் போலீஸ் கையில் மோட்டோரோலா வாக்கி டாக்கி. பக்கத்து ஊரிலிருந்து உதவிக்கு ஓடிவந்த மீட்புக் குழுவிடம் கென்வுட். இரண்டும் ஒரே அலைவரிசை. வெளியாட்கள் ஒட்டுக்கேட்காதபடி பேச்சைப் பூட்டும் 'என்க்ரிப்ஷன்' வசதி இரண்டிலும் உண்டு. ரகசியச் சாவியையும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்டாயிற்று.

போலீஸ் அதிகாரி, "காற்று திசை மாறுது, எல்லோரும் பின்னால வாங்க!" என்று கத்துகிறார். கென்வுட் ரேடியோவில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ரேடியோ கெட்டுப்போகவில்லை. பேட்டரியும் தீரவில்லை. பிறகு ஏன் இந்த மௌனம்?

அந்த நாள் சொன்ன பாடம்

மௌனம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2001 செப்டம்பர் 11 சாட்சி. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, மேலே வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டர்களிலிருந்து கோபுரத்தின் நிலை பற்றி எச்சரிக்கை வந்தது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோவுக்கு அது எட்டவில்லை. போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் தனித்தனி ரேடியோ அமைப்புகள். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

அன்றைய சிக்கலுக்கு என்க்ரிப்ஷன் காரணமில்லை. ஆனால், 'ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேச முடிய வேண்டும்' என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்தது. எந்த கம்பெனி ரேடியோ வாங்கினாலும் அவை ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதற்காக 1989-லேயே தொடங்கப்பட்டதுதான் 'புராஜெக்ட் 25' என்ற பொதுத் தரம். சுருக்கமாக, பி25. சாதாரணப் பேச்சுக்கு அது நன்றாகவே கைகொடுக்கிறது. பூட்டுப் போட்டுப் பேசும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

மூன்றும் பொருந்தினால்தான் பேச்சு

வாட்ஸ்அப்பிலும் என்க்ரிப்ஷன் உண்டு. ஆனால், அங்கே உங்கள் போனும் உங்கள் நண்பரின் போனும் இணையம் வழியாகத் தாங்களே சாவியைப் பேசி முடித்துக்கொள்கின்றன. உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. வாக்கி டாக்கியில் கதை வேறு. ஒருவர் பேசினால், அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த நொடியே கேட்க வேண்டும். அதனால், எல்லோருடைய ரேடியோவிலும் ஒரே சாவியை முன்பே ஏற்றிவைத்திருக்க வேண்டும்.

வெறும் சாவி மட்டும் போதாது. மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். முதலாவது, பூட்டின் வகை. இரண்டாவது, சாவியின் அடையாள எண். மூன்றாவது, சாவி.

பூட்டில் பல வகை உண்டு. இன்று நம்பகமானது 'ஏஇஎஸ்-256'. இதில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். பழைய 'டிஇஎஸ்' பூட்டை 1998-லேயே ஒரு தனிக் கணினி மூன்று நாளைக்குள் உடைத்துக் காட்டிவிட்டது. இவை தவிர, மோட்டோரோலா குறைந்த செலவில் தந்த 'ஏடிபி' என்ற 40 பிட் பூட்டும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு துறை ஏஇஎஸ் வாங்கி, பக்கத்துத் துறை காசு மிச்சம் என்று ஏடிபியோடு நின்றுவிட்டால், என்ன சாவி கொடுத்தும் பயனில்லை.

'10' என்றால் பத்தா, பதினாறா?

அடையாள எண்ணில் வருவது இன்னும் வேடிக்கையான குழப்பம். கொத்துச் சாவியில் ஒவ்வொரு சாவிக்கும் சீட்டு ஒட்டுவதுபோல, ரேடியோவில் இருக்கும் ஒவ்வொரு சாவிக்கும் ஓர் எண் உண்டு. பேச்சு வரும்போதே, 'இது இந்த வகைப் பூட்டு, இந்த எண் சாவி' என்ற குறிப்பும் கூடவே வரும். கேட்கும் ரேடியோ தன் கொத்தில் அந்த எண்ணைத் தேடும். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும்.

இந்த எண்ணைக் கணினிக்காரர்கள் 16-ஐ அடிப்படையாகக் கொண்ட 'ஹெக்ஸ்' முறையில் எழுதுவது வழக்கம். அதில் '10' என்று எழுதினால், நம் கணக்கில் 16. ஒரு துறையில் ஹெக்ஸ் முறையில் '10' என்று குறித்துக் கொடுத்ததை, இன்னொரு துறையில் சாதாரணப் பத்தாக நினைத்து ஏற்றிவிட்டால் போதும். சாவி அச்சு அசலாக ஒன்றுதான், ஒட்டிய சீட்டுதான் வேறு. விளைவு, நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த மௌனம்!

டெக்னீஷியன்களுக்கு இதில் ஒரு துப்பு உண்டு. ரேடியோ சத்தமே இல்லாமல் இருந்தால், பூட்டு வகையிலோ எண்ணிலோ தப்பு இருக்கலாம். கரகரவென்று புரியாத சத்தம் வந்தால், எண் பொருந்தி சாவி மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏஇஎஸ்-256 சாவியைக் கையால் தட்டச்சு செய்தால் 64 எழுத்துகள். ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் பேச்சு புரியாது.

உள்ளே போனது வெளியே வராது

'சரியாக இயங்கும் ரேடியோவிலிருந்து சாவியை எடுத்து மற்றதில் போடலாமே' என்று கேட்கலாம். முடியாது. ஏற்றிய சாவியைத் திரும்பப் படிக்க வழியில்லாதபடிதான் ரேடியோவை வடிவமைத்திருக்கிறார்கள். திருடன் கையில் கிடைத்தாலும் சாவி வெளியே வரக் கூடாதல்லவா?

அதனால் 'கீ லோடர்' என்ற தனிக் கருவியால்தான் சாவியை ஏற்றுவார்கள். கீ லோடரும் ரேடியோவும் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் பி25 தரம் வகுத்திருக்கிறது. ஒரு கம்பெனியின் லோடரால் இன்னொரு கம்பெனி ரேடியோவுக்குச் சாவி ஏற்ற அது வழி செய்கிறது. ஆனால், செருகும் கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சரியான கேபிள் கையில் இல்லாவிட்டால், தரம் தாளில்தான் இருக்கும்.

பூட்டியதாக நினைத்துத் திறந்து பேசியவர்கள்

சாவிப் பிரச்னையின் மறுபக்கம் இதைவிட ஆபத்தானது. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேட் பிளேஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்க மத்திய ஏஜென்ட்டுகளின் பி25 ரேடியோ பயன்பாட்டை ஆராய்ந்தார்கள். பூட்டப்பட்டிருப்பதாக நம்பி ஏஜென்ட்டுகள் பேசியவற்றில் கணிசமான பகுதி, பூட்டே இல்லாமல் திறந்த வெளியில் போய்க்கொண்டிருந்தது. துப்பு கொடுத்தவர்களின் பெயர்கள்கூட அதில் அடிபட்டன.

பூட்டு பலவீனமானதால் அப்படி நடக்கவில்லை. சுவிட்ச் மாறியிருப்பது கண்ணில் படாதது ஒரு காரணம். சாவியை அடிக்கடி மாற்றுவது இன்னொன்று. குழுவில் ஒருவருக்குப் புதுச் சாவி வந்து சேராவிட்டால், அவருக்காக மொத்தக் குழுவும் பூட்டைத் திறந்துவிட்டுப் பேசியது. 'பாதுகாப்புக்காக அடிக்கடி சாவியை மாற்று' என்ற விதியே பாதுகாப்புக்கு ஓட்டை போட்டது!

யாரிடம் கொடுப்பது?

பகிரப் பகிர ஆபத்தும் கூடுகிறது. ஐந்து துறைகள் ஒரே சாவியை வைத்திருந்தால், ஒரு துறையில் ஒரு ரேடியோ காணாமல் போனாலும் ஐந்து துறைகளும் சாவியை மாற்ற வேண்டியிருக்கும். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பவர்கள் பீரோ சாவியைக் கொடுப்பதில்லையே! அதே வழிதான் இங்கும். துறைக்குள் பேச ஒரு சாவி. மற்ற துறைகளோடு பேச, தனியாக ஒரு பொதுச் சாவி. உயிருக்கு ஆபத்து என்று உதவி கேட்கும் அழைப்பு எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால், தீயணைப்புப் பணிகளுக்குப் பூட்டில்லாத அலைவரிசையே போதும் என்று கருதும் துறைகளும் உண்டு.

கேபிளைக் கடையில் வாங்கிவிடலாம். எந்த எண்ணில் எந்தச் சாவி, யார் உருவாக்குவது, யாரிடம் கொடுப்பது, தொலைந்தால் யாருக்குச் சொல்வது என்பதையெல்லாம் துறைகள் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு, தீயில்லாத ஒரு சாதாரண நாளில் எல்லா ரேடியோக்களையும் ஒரே மேசையில் வைத்து, "கேட்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட வேண்டும். எண் மாறியிருந்தால் அன்றே தெரிந்துவிடும். திருத்த ஐந்து நிமிடம் போதும். புகைக்கு நடுவே அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்காது.