வாய் கோணிக்கொண்டதா? புறாவை விடுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

காலையில் எழுந்து பல் விளக்குகிறீர்கள். வாய் கொப்பளித்தால் தண்ணீர் கடைவாய் வழியாகச் சட்டையில் ஒழுகுகிறது. கண்ணாடியைப் பார்த்தால்... பகீர்! சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மறுபக்கத்துக் கண் மூட மாட்டேன் என்கிறது.

நீங்கள் மதுரை செல்லூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். தறிச் சத்தத்தையும் மீறி யோசனைகள் வந்து விழும். ''ராத்திரி பஸ்ல ஜன்னலோரமா வந்தியா? காத்து அடிச்சிருச்சு'' என்பார் அப்பத்தா. ''புறா ரத்தம் தேய்ச்சா சரியாப் போயிரும்'' என்பார் பக்கத்து வீட்டு மாமா. ஆபீஸ் நண்பரோ, ''என்ன மாப்ளே, மேனேஜரைப் பார்த்தே கண்ணடிக்கிற?'' என்பார். (ஒரு கண் மட்டும் இமைத்தால் பார்ப்பவருக்கு அப்படித்தானே தெரியும்!)

புறாவும் பாவம், நீங்களும் பாவம். நடந்தது இதுதான்.

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துத் தசைகளையும் ஆட்டிவைப்பது ஒரு நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் குறுகலான குழாய் வழியாக அது வருகிறது. அங்கே வீங்கினால் நசுங்கிப் போகிறது. அந்தப் பக்கத்து முகம் செயலிழக்கிறது. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம் என்று கருதுகிறார்கள். 1821-ல் இந்த நரம்பை விவரித்த ஸ்காட்லாந்து டாக்டர் சார்லஸ் பெல் பெயரால் இதற்கு 'பெல்ஸ் பால்ஸி' என்று பெயர். சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சம் அதிகம் வரும்.

இது பக்கவாதமா?

புருவத்தை உயர்த்திப் பாருங்கள். கோணிய பக்கத்தில் நெற்றிச் சுருக்கமும் விழவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் அநேகமாக இது முக நரம்பு சமாசாரம். நெற்றி நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணினால் மூளையில் கோளாறு இருக்கலாம். கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே 108-க்கு போன் செய்யுங்கள். மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நெற்றி டெஸ்ட் நூற்றுக்கு நூறு அல்ல. அதனால் எப்படியிருந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். செல்லூருக்குப் பக்கத்தில், கோரிப்பாளையத்திலேயே ராஜாஜி பெரியாஸ்பத்திரி இருக்கிறதே!

முக நரம்புதான் என்றால் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும். காதில் கொப்புளம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் வேறு.

எல்லோரும் மறப்பது கண்ணை. மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். பைக்கில் போனால் கண்ணாடி கட்டாயம்.

சரி, புறா ரத்தம் தேய்த்தவருக்கும் குணமானதே? ஆகும்! 2007-ல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிடாதவர்களிலேயே 100-க்கு 82 பேர் ஒன்பது மாதத்தில் முழுக்கத் தேறினார்கள். சாப்பிட்டவர்களில் 94 பேர். தானாகக் குணமானவர்களின் பெயரில் புறா புகழ் வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் அந்த 12 பேரில் ஒருவராக நீங்கள் இருந்துவிட்டால்? காலமெல்லாம் கோணல் சிரிப்பு.

அப்படியே நின்றுவிட்டாலும் வாழ்க்கை கோணிவிடாது. சிறு வயதிலேயே ஒரு பக்கம் கோணியவர் கனடாவின் ழான் கிரெட்டியென். 1993 தேர்தலில் அவர் முகத்தை குளோசப்பில் காட்டிக் கேலி விளம்பரம் செய்தது ஆளுங்கட்சி. மக்கள் கொதித்தார்கள். ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது இரண்டே சீட். கிரெட்டியென் பிரதமர்!

ஆகவே, வாய் கோணினால் வெட்கப்பட்டு லீவு போட்டு வீட்டில் படுக்காதீர்கள். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.