வேலைக்குப் போய் வருவதிலேயே கரையும் வாழ்நாள்

(வேலையும் குடும்பமும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)

"வேலைக்குப் போக எவ்வளவு நேரம் பயணம் செய்வீர்கள்?" என்று யாரைக் கேட்டாலும், "அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் முக்கால் மணி" என்றுதான் பதில் வரும். அதே நபரிடம், "இன்று காலை எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள்? எத்தனை மணிக்கு வேலையிடத்தில் கால் வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். சிலருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கும்.

மனம் ஒப்புக்கொள்ளும் நேரம் ஒன்று, வாழ்க்கை நம்மிடம் வாங்கிக்கொள்ளும் நேரம் வேறொன்று. அந்த இரண்டுக்கும் இடையில்தான் நம்முடைய தூக்கமும், பிள்ளைகளோடு பேச வேண்டிய பேச்சும், உடல்நலமும் கரைந்து போகின்றன. சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் நாம், பயண நேரத்தை ஏன் கணக்குப் பார்ப்பதில்லை? இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெரட்டுக் களமும் தொழிற்சாலைப் பேருந்தும்

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெயர் கொடுத்துவிட்டு அங்கிருந்து மரம் வெட்ட நடந்து போனார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். பால் நிறுத்து முடிந்ததும் தாய் வீடு திரும்பிவிடுவாள். அந்த வாழ்க்கையை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கூலி குறைவு, குடியிருந்த வீடும் சொந்தமில்லை. ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை எதுவும் இல்லை.

பிறகு காலம் மாறியது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. பிறையிலும் மற்ற இடங்களிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் விடியுமுன்னே சந்திப்பில் நின்று தொழிற்சாலைப் பேருந்தில் ஏறப் பழகினார்கள். மறுபக்கம், தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. 1999-இல் அரசாங்க அலுவலகங்கள் அங்கே இடம் மாறத் தொடங்கின. வீட்டுப் படியிலேயே வேலை இருந்த ஒரு தோட்டம், இன்று சுற்றுவட்டார மக்கள் தினமும் வாகனம் ஓட்டிப் போய்ச் சேரும் நகரமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் நடந்துவிட்ட மாற்றம் இது.

மனிதனுக்கு ஒரு மணி நேரம்

ஒரு மனிதன் நாளொன்றுக்கு எவ்வளவு நேரத்தைப் பயணத்துக்காக ஒதுக்குவான்? போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் சஹாவி 1970-களில் பல நகரங்களின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நாடு, வருமானம், வாகனம் எல்லாம் வேறுபட்டாலும் மக்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்தில் செலவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. இத்தாலிய இயற்பியல் அறிஞர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் இந்தக் கருத்தை மேலும் விரித்து எழுதினார். போக அரை மணி, வர அரை மணி என்பது இதன் பொருள்.

மனிதன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடப்பான். நடந்தே போய்வந்த பழங்கால நகரங்கள், மையத்திலிருந்து அரை மணி நேரத்தில் எல்லையைத் தொட்டுவிடும் அளவில்தான் இருந்தன. டிராம் வந்தது, ரயில் வந்தது, கார் வந்தது. நகரமும் அதற்கேற்ப விரிந்தது. வேகமான வாகனம் வந்தபோது மக்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. இன்னும் தூரமாகக் குடிபோனார்கள்.

நம் நாட்டிலும் இதுதான் நடந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1995-இல் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. செரம்பானும் நீலாயும் ரவாங்கும் கோலாலம்பூருக்கு அக்கம்பக்கம் ஆகிவிட்டன. 'நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணி நேரம்தான்' என்று சொல்லி வீடு விற்றார்கள். நாமும் வாங்கினோம். எல்லாரும் வாங்கினோம். எல்லாரும் ஒரே நேரத்தில் அதே சாலையில் ஏறினோம். கோலாலம்பூர் வட்டார மக்கள் ஆண்டுக்கு 25 கோடி மணி நேரத்துக்கும் மேல் நெரிசலில் கழிக்கிறார்கள் என்று உலக வங்கி 2015-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

ஒரு கிலோமீட்டர் கடல், பல மணி நேரப் பயணம்

நெடுஞ்சாலைப் பயணத்தைவிடக் கடுமையான பயணம் ஒன்று நம் நாட்டின் தென்முனையில் தினமும் நடக்கிறது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடந்தால்கூடக் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் காலை ஏழு மணி வேலைக்கு நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே நேரத்தை நிர்ணயிப்பது தூரமல்ல, வரிசை.

பிறகு ஏன் போகிறார்கள்? 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும்படி இருந்தன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கண்முன் நிற்கும்போது அந்த வித்தியாசம் மூன்று மணி நேரத் தூக்கத்தை வென்றுவிடுகிறது. இதை விருப்பம் என்று சொல்ல முடியுமா? தேவை என்றுதான் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி எல்லை மூடப்பட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அக்கரையிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். தினமும் வீடு திரும்பிக்கொண்டிருந்த தகப்பன்மார், பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்தார்கள். தரைவழி எல்லை 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் பழையபடி திறந்துவிடப்பட்டது. அலுப்பான அந்தப் பயணம் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருந்த கயிறு என்பதை அப்போது பலர் உணர்ந்தார்கள்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில் திட்டத்துக்கு 2020 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் அது திட்டமிடப்பட்டது. ஓட்ட நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு. குறைய வேண்டியது வரிசையில் நிற்கும் நேரம் என்பதைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் அது.

எதை இழக்கிறோம்?

பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற டேனியல் கானமன் தம் குழுவினருடன் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலைபார்க்கும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு செயலும் எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று கேட்டார்கள். சமையலும் வீட்டு வேலையும்கூட ஓரளவு பிடித்திருந்தன. பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது வேலைக்குப் போய்வரும் பயணம்.

சூரிக்கைச் சேர்ந்த புருனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற பொருளியல் அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். தூரமாகப் போகிறவருக்குக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ கிடைக்கிறது, ஆகவே மனநிறைவு சமமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை என்பதே அவர்களின் முடிவு. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் மனநிறைவு குறைந்தது. கூடுதல் சம்பளம் அதை ஈடுகட்டவில்லை.

இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. கூடுதலாக ஓர் அறை உள்ள வீடு மூன்று மாதத்தில் பழகிவிடும். நெரிசல் மட்டும் பழகாது. நேற்று விபத்து, இன்று மழை, நாளை பள்ளி திறப்பு என்று அது தினமும் புதிதாக வரும்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒருவருக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம். மாதம் 22 வேலை நாளுக்கு 66 மணி நேரம். ஆண்டுக்கு 792 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து முழுதாக 33 நாள்! ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் அவர் சாலையிலேயே குடியிருக்கிறார்.

இப்போது சம்பளத்தைப் பார்ப்போம். அவருக்கு மாதம் 3,000 வெள்ளி. பெட்ரோல், டோல், வாகனம் நிறுத்தும் கட்டணம் எல்லாம் 600 வெள்ளி. கையில் நிற்பது 2,400. வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் 2,600 வெள்ளிக்கு வேறொரு வேலை இருக்கிறது. அங்கே போய்வரச் செலவு 200 வெள்ளி. அதிலும் கையில் நிற்பது 2,400தான். ஆனால் சாலையில் கழிவது 66 மணி நேரமல்ல, 22 மணி நேரம். மாதம் 44 மணி நேரம் மிச்சம். நாம் '400 வெள்ளி குறைவு' என்று சொல்லி அந்த வேலையை விட்டுவிடுகிறோம்!

எல்லாருக்கும் கணக்கு இப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். ஜொகூர் அன்பர்களுக்கு நிச்சயம் வேறு மாதிரி வரும். ஆனால் கணக்கே போடாமல் முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

செய்யக் கூடியவை

முதலாவது, வீடு வாங்குமுன் பயணத்தைச் சோதியுங்கள். மாதிரி வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் சாலை காலியாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தத் தாமானிலிருந்து உங்கள் வேலையிடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து வேலையிடத்துப் படி ஏறும்வரை ஆகும் நேரமே உண்மையான நேரம்.

இரண்டாவது, சட்டம் தந்திருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் ஒரு தொழிலாளி வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. ஆனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிப்பதற்கு அனுமதி கிடைத்தாலே பெரும் நெரிசலைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, சொக்சோ பாதுகாப்பைத் தெரிந்து வைத்திருங்கள். நம் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். வழியை மாற்றி வேறு காரியத்துக்குப் போயிருந்தால் அந்த உரிமை கிடைக்காமல் போகலாம். வழக்கமாக எந்த வழியில் போகிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். விபத்து நடந்தால் போலீஸ் புகாரையும் மருத்துவச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது கடமை அரசாங்கங்களுக்கு. சிங்கப்பூர் 2019-இல் வெளியிட்ட போக்குவரத்துப் பெருந்திட்டம், 2040-க்குள் உச்ச நேரப் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தது. எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டோம் என்பதைவிட, மக்களின் எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தினோம் என்று அளப்பதே சரியான அளவு. நாமும் நம் பிரதிநிதிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

எல்லை எது?

நிறைவாக, எவ்வளவு நேரம்தான் பயணம் செய்யலாம்? ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது அது மாறும். தனியாள் தாங்கும் நேரத்தைக் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயால் தாங்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் ஓர் அடையாளம் உண்டு. காலையில் நீங்கள் கிளம்பும்போதும் பிள்ளை தூங்குகிறது, இரவு திரும்பும்போதும் தூங்குகிறது என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம், போன பொழுதைச் சம்பாதிக்க முடியாது. இன்றிரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உடனே வேலை மாற முடியாமல் இருக்கலாம், வீடு மாற முடியாமல் இருக்கலாம். ஆனாலும் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த வேலையையோ அடுத்த வீட்டையோ முடிவு செய்யும்போது அந்த 33 நாளும் உங்கள் நினைவுக்கு வரும்.