கொப்புக்கு ஒரு கயிறு, ஆளுக்கு ஒரு கயிறு

எனது கடைக்குக் கயிறு வாங்க வருபவர்களிடம் எதற்கு என்று இப்போதெல்லாம் கேட்காமல் கொடுப்பதில்லை. மாடு கட்டவா, லொறியில் சாமான் கட்டவா, கிணற்றுக்கா என்று அறிந்து அதற்கேற்ற கயிற்றைக் காட்டுவேன். "மரம் வெட்ட" என்று பதில் வந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. "கொப்பைக் கட்டவா, உங்களைக் கட்டவா?" பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே, "ரெண்டுக்கும்தான் முதலாளி" என்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் மாரி தொடங்குவதற்கு முன், எனது களஞ்சியக் கூரைக்கு மேல் சாய்ந்திருந்த மாமரக் கொப்பொன்றை வெட்டுவதற்கு ஓர் ஆளைப் பிடித்தேன். தனக்கொரு கூலியும், கீழே கயிறு பிடிப்பவருக்கு ஒரு கூலியும் கேட்டார். நான் வியாபாரியல்லவா, பேரம் பேசினேன். "கயிறு பிடிக்க என் கடைப் பையன் இருக்கிறான்" என்று சொல்லி இரண்டாவது கூலியைக் குறைத்துவிட்டேன். கயிறும் என் கடைக் கயிறுதான். ஒரே கயிற்றின் ஒரு முனையைக் கொப்பில் கட்டினார், மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். நடுப்பகுதி பையனின் கையில் இருந்தது. கொப்பு முறிந்ததும் அதன் பாரத்தைப் பையனால் தாங்க முடியவில்லை. கையைப் பொசுக்கிக்கொண்டு கயிறு ஓடியது. மிச்சமிருந்த இழுப்பு முழுவதும் மேலே இருந்தவரின் இடுப்புக்குப் போனது. ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து விழுந்தார்.

அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். ஆனால் முள்ளந்தண்டில் பட்ட அடியால் அதன் பின்னர் அவர் மரம் ஏறவில்லை. நான் மிச்சம் பிடித்தது ஓர் ஆளின் அரை நாள் கூலி. அவர் இழந்தது அவரது தொழிலை. அதற்குப் பிறகுதான் இந்த வேலை முறையாக எப்படிச் செய்யப்படுகிறது என்று தேடிப் படித்தேன். ஆள் பிடிப்பவர்களும் கயிறு விற்பவர்களும் நமக்குள் நிறையப் பேர் இருப்பதால் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மரம் ஏறுவதும் ஒரு பயின்ற தொழில்

பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் மரம் பராமரிப்பு என்பது பயிற்சியும் சான்றிதழும் உள்ள தொழில். அங்குள்ளவர் மரத்தடிக்கு வந்தவுடன் ஏறிவிடுவதில்லை. முதலில் மரத்தைச் சுற்றி நடப்பார். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, தண்டில் பொந்து இருக்கிறதா, பட்ட கொப்புகள் தொங்குகின்றனவா, குளவிக் கூடு உண்டா, மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று பார்ப்பார். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கம்பிக்கு அருகிலுள்ள கொப்பாயின் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யாமல் யாரும் கை வைப்பதில்லை.

அடுத்தது கயிற்றை மேலே ஏற்றுவது. சிறு மணல் பை போன்ற ஒரு பாரத்தை மெல்லிய நூற்கயிற்றில் கட்டி, உயரமான கவர் ஒன்றின் மேலால் எறிவார்கள். அந்த நூற்கயிற்றில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்து எடுப்பார்கள். பாரம் தாங்கும் கவர், நல்ல பச்சைக் கொப்பு தண்டோடு சேரும் இடமாக இருக்க வேண்டும். 4 அங்குலத்துக்குக் குறைந்த கொப்பை நம்பமாட்டார்கள். ஏறுவதற்கு முன்னர் இரண்டு பேர் கீழிருந்தே கயிற்றில் தொங்கிப் பார்ப்பதும் உண்டு.

நம் கடைக் கயிறு ஏன் போதாது?

மரம் ஏறுவதற்கான கயிறு பொதுவாக 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை பருமன் கொண்டது. உள்ளே ஒரு திரி, வெளியே பின்னிய உறை. இவ்வகைக் கயிற்றுக்கான ஐரோப்பிய தரமான ஈ.என். 1891இன் படி, முதல் வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும்.

"ஆளின் எடை 80 கிலோதானே, எதற்கு 2,200 கிலோ?" என்று கேட்கலாம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீற்றர் விழுந்து, அடுத்த 10 சென்ரிமீற்றருக்குள் கயிறு அவரை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் அந்த நேரத்தில் கயிற்றின் மீதும் அவரது உடலின் மீதும் வரும் இழுப்பு சராசரியாக 880 கிலோ. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிறாயின் சொல்லவே வேண்டாம்.

நம் கடைகளில் நீலம், பச்சை நிறங்களில் சுருள் சுருளாகத் தொங்குபவை பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலிஎத்திலீன் கயிறுகள். பொதி கட்ட நல்லவைதான். ஆனால் வெயில் அவற்றை விரைவில் தின்றுவிடும். பொலிப்ரொப்பிலீன் சுமார் 165 பாகை செல்சியஸில் உருகும், பொலிஎத்திலீன் அதற்கும் முன்னரே உருகிவிடும். கயிற்றின் மேல் கயிறு வேகமாக உராயும்போது உண்டாகும் சூட்டுக்கு அவை ஈடுகொடுக்க மாட்டா. ஏறும் கயிறுகளில் பயன்படும் பொலியெஸ்டர் 250 பாகைக்கு மேல்தான் உருகும். தும்புக் கயிறோ ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும், வெளியே தெரியாது.

வார்க்கட்டும் முடிச்சும்

இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது பாதுகாப்பல்ல. விழும்போது அந்த 880 கிலோவும் வயிற்றையும் முதுகையும் அறுக்கும். தொழில்முறையில் ஏறுபவர் ஹார்னஸ் எனப்படும் வார்க்கட்டை அணிகிறார். அது இடுப்பையும் இரு தொடைகளையும் சேர்த்துப் பிடித்து, நாற்காலியில் இருப்பதுபோல் அவரைத் தொங்கவைக்கும். கயிற்றோடு அதை இணைப்பது கராபினர் என்னும் பூட்டுக் கொக்கி. தானாகப் பூட்டிக்கொள்ளும் இக்கொக்கியைத் திறக்க அடுத்தடுத்து மூன்று அசைவுகள் தேவை. கொப்பில் உரசித் தானாகத் திறந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஏறும் முறைகள் பிரதானமாக இரண்டு. ஒன்றில் கயிறு கவரின் மேலால் போய்த் திரும்பி வரும். ஒரு முனை வார்க்கட்டில் இருக்கும். மறுபக்கம் உராய்வு முடிச்சு ஒன்றினால் அதே வார்க்கட்டோடு சேரும். அந்த முடிச்சில் பாரம் இருக்கும்போது அது கயிற்றை இறுகப் பிடிக்கும், கையால் மெல்ல அழுத்தினால் வழுகும். ஆள் மேலே போகவும், நிற்கவும், இறங்கவும் அந்த ஒரு முடிச்சே போதும். ஒஸ்திரியாவைச் சேர்ந்த மலையேறுநர் கார்ல் புரூசிக் 1931இல் விளக்கி வெளியிட்ட முடிச்சு இவ்வகையைச் சேர்ந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

மற்ற முறையில் கயிறு அசையாது. மேலே அல்லது மரத்தின் அடியில் அது கட்டப்பட்டிருக்கும். காலிலும் இடுப்பிலும் பொருத்திய பிடிகருவிகளால் ஏணியில் ஏறுவதுபோல் அதில் ஏறுவார்கள். உயரமான மரத்துக்கு இது களைப்புக் குறைந்த முறை.

இரண்டு முறைக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. கயிறு எப்போதும் இறுகியே இருக்க வேண்டும். தளர்ந்த கயிறுதான் ஆளை விழவிட்டுப் பிறகு பிடிக்கும். இறுகிய கயிறு விழவே விடாது.

வெட்டும்போது

நாம் செயின் சோ என்று சொல்லும் இயந்திர வாளைப் பிடிக்கும் நேரத்தில், ஏறும் கயிற்றோடு இன்னொரு பிடிமானமும் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றிப் போடும் குறுகிய பட்டி அது. உள்ளே உருக்குக் கம்பி வைத்தவையும் உண்டு. வாள் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது நிற்கும். பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டின் உயரத்தில் வேலை செய்தல் தொடர்பான ஒழுங்குவிதிகள் இரட்டைப் பிடிமானத்தை வலியுறுத்துகின்றன. 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆளைத் தாங்கும் உபகரணங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பரிசோதிக்கவும் வேண்டும்.

பெரிய கொப்பை ஒரே வெட்டில் அறுப்பதில்லை. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கொப்பு போன பின் மிச்சக் கட்டையை மூன்றாவதாக வெட்டுவார்கள். இப்படிச் செய்யாவிட்டால் கொப்பு பட்டையைக் கிழித்துக்கொண்டு கீழே வரும். அந்தத் தண்டைச் சுற்றித்தான் ஏறியவரின் பட்டி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

கூரைக்கு மேலுள்ள கொப்பை இறக்குவதற்குத் தனிக் கயிறு. அது ஆளைத் தொடவே கூடாது. கீழே நிற்பவர் அதைக் கையால் மட்டும் பிடிப்பதில்லை. மரத்தின் அடியில் பொருத்திய உருளையிலோ தண்டிலோ சில சுற்றுச் சுற்றிப் பிடிப்பார். பாரத்தின் பெரும்பகுதியை அந்தச் சுற்றுகளே தாங்கும். என் கடைப் பையனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அறிந்திருக்கவில்லை.

மேலே இருப்பவருக்கு ஏதும் நடந்தால் ஏறிச்சென்று இறக்கத் தெரிந்த இன்னொருவரும், அதற்கான இன்னொரு தொகுதி உபகரணமும் அங்கே இருக்க வேண்டும். வார்க்கட்டில் அசையாமல் தொங்குவது சிறிது நேரத்திலேயே உயிராபத்தாகலாம். தனியாக ஏறுவது அந்தத் தொழிலில் பெருங்குற்றம். பாதணியில் பூட்டும் இரும்பு முட்களையும் அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள். வாழவேண்டிய மரத்தில் அவை இடும் ஒவ்வொரு குத்தும் நோய் நுழையும் வாசல்.

நமது ஏறிகளைக் குறைத்துச் சொல்லவில்லை

காலில் தளைநார் மாட்டிக்கொண்டு தென்னையில் ஏறுபவரின் திறமையை எந்த உபகரணமும் தந்துவிடாது. ஆனால் கொப்பில்லாத ஒற்றைத் தண்டில் ஏறித் தேங்காய் பறிப்பது ஒரு வேலை, படர்ந்த மரத்தின் கொப்பில் நின்று இயந்திர வாளால் பாரம் அறுப்பது வேறொரு வேலை. முன்னதில் கெட்டிக்காரர் என்பதற்காகப் பின்னதற்கு அவரை அனுப்புவது நமது பிழை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் வண்டியின் மீது மரம் விழுந்து ஐவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மரங்களைக் கவனிக்கத்தான் வேண்டும். அந்த அவசரத்தில் ஏறுபவரின் உயிரைக் கவனியாமல் விடக்கூடாது.

ஆகவே அடுத்த முறை ஆள் பிடிக்கும்போது இவற்றைக் கேளுங்கள். தனக்கும் கொப்புக்கும் வேறு வேறு கயிறு வைத்திருக்கிறாரா? வார்க்கட்டும் தலைக்கவசமும் உண்டா? கீழே வேலை தெரிந்த ஆள் நிற்கிறாரா? மின்கம்பிக்கு என்ன ஏற்பாடு? பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதானால் 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் 1934ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. நாட்கூலிக்குப் பிடித்தவர் அதற்குள் வருவாரா என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும். மறுமையில் அந்தக் கேள்விக்குச் சட்டத்தரணியை அழைத்துப்போக முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்ற சமூகம் நாம். எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதும் அதில் அடங்கும்.

கயிறு விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது நமக்குத் தெரியும். பொதி கட்டும் கயிறு ஆளைத் தாங்காது என்பதும் சொல்லவேண்டிய குறைதான். சுருளின் மேல் அதை எழுதித் தொங்கவிட ஒரு மட்டை போதும். என் கடையில் தொங்குகிறது. அதைப் பார்த்துச் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும்.

முள்ளந்தண்டு அடிபட்ட அந்த மனிதர் இப்போதும் இடைக்கிடை கடைக்கு வருவார். அந்த மட்டையை முதலில் வாசித்த நாளில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயம் மங்கியபோது, "முதலாளி, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க" என்றார். பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.