படத்துக்குப் பின்னால் ஒரு கதை

ஒரு கார் கிளம்பிய நொடியிலேயே இரண்டாக முறிந்தால் எப்படியிருக்கும்?

1970-ல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம், லயன்ஸ் மைதானத்தில் அது நடந்தது. நேர்கோட்டில் கால் மைல் சீறிப் பாயும் டிராக் ரேஸ். பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் காரில் கியர்பெட்டி வெடித்து, கார் இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது. அந்தக் கணம் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

படத்தில் இல்லாத கதைதான் பெரிது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று யோசித்தார் கார்லிட்ஸ். மறு வருடமே அப்படியொரு காரில் வந்து ஜெயித்தார்! மெல்ல மெல்ல எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். எத்தனை உயிர்களைக் காத்த யோசனை அது!

லயன்ஸ் மைதானம் 1972-லேயே மூடப்பட்டுவிட்டது. மிஞ்சியவை படங்களும் நெகட்டிவ்களும்தான். பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் போலப் புளித்த வாடை அடிக்கும். உடனே நகலெடுத்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தையும் இன்று எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம், பென்சிலால், அழுத்தாமல், யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள்.