சொன்னபடி நிறம் மாறும் பிளாஸ்டிக்

மின்சாரம் கடத்தும் கண்ணாடித் தகட்டில் பாலிஅனிலின் என்ற பாலிமரை மெல்லிய பூச்சாகப் படியவைத்து, அமிலக் கரைசலில் நிறுத்துகிறார்கள். முதலில் வெளிர்மஞ்சளாக இருக்கும் பூச்சு, மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டியதும் பச்சையாகிறது. மேலும் கூட்டினால் நீலமாகிறது. குறைத்துக்கொண்டே வந்தால், போன வழியே திரும்பி மஞ்சளுக்கு வந்து சேர்கிறது. புதிதாகச் சாயம் எதுவும் சேர்க்கவில்லை. ஏறக்குறைய ஒரு வோல்ட் ஏற்ற இறக்கம், அவ்வளவுதான்.

வீட்டு மின்கம்பிக்கு உறையாகும் பிளாஸ்டிக்கும் ஒரு பாலிமர்தான். ஆனால் அதன் எலக்ட்ரான்கள் தத்தம் பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. பாலிஅனிலின் போன்ற மின்சாரம் கடத்தும் பாலிமர்களின் நீண்ட சங்கிலியிலோ ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. அதனால் சில எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுகப் பரவியிருக்கின்றன. எந்த நிற ஒளியை விழுங்குவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பவையும் அவையே. மின்னழுத்தம் கொடுத்து அவற்றில் சிலவற்றை உருவிவிட்டால் நிறம், கடத்தும் திறன் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன.

இந்தத் துறைக்கு வாசல் திறந்தது ஒரு கைப்பிசகு. 1967-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில், ஹிதேகி ஷிரகாவா பணியாற்றிய ஆய்வகத்தில் பாலிஅசெட்டிலீன் என்ற பாலிமரைத் தயாரித்தபோது வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடிப்போனது. வழக்கமான கருந்தூள் கிடைக்கவில்லை. பாலில் ஆடை படர்வதுபோல, வெள்ளியாய் மின்னும் ஏடு ஒன்று படர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அந்த ஏட்டை அயோடின் ஆவியில் காட்டினார் ஷிரகாவா. அதன் கடத்தும் திறன் கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்காக, 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பிளாஸ்டிக் தானே ஒளிரவும் செய்யும்.

1990-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பரோஸ், ரிச்சர்ட் ஃபிரெண்ட் முதலியோர் பிபிவி என்ற பாலிமரின் மெல்லிய படலத்தை இரு மின்முனைகளுக்கு இடையே வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் உள்ளே வர, மறுமுனையிலிருந்து எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான ‘துளைகள்’ வந்தன. இரண்டும் சந்தித்த இடத்தில் மிஞ்சிய ஆற்றல் மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக வெளிப்பட்டது. சங்கிலியின் வேதியமைப்பை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறும். இத்தகைய பாலிமர்களைக் கரைத்து மைபோல அச்சிடவும் முடியும். 2002-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் மின்சவரக் கருவியில் இப்படியொரு சிறு திரை இடம்பெற்றது. ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் இந்தப் பாலிமர்களுக்குப் பகை. காற்றுப் புகாமல் மூடிக் காக்க வேண்டும். இன்றைய கைபேசிகளின் ஓஎல்இடி திரைகளில் பெரும்பாலும் ஒளிர்பவை பாலிமர்களைவிடச் சிறிய கரிம மூலக்கூறுகள்.

அண்மைய முயற்சி இன்னும் நுட்பமானது. ஒளியின் திசையைத் திருப்ப, தங்கம் போன்ற உலோகங்களில் நானோ ஆன்டெனாக்களைச் செதுக்குவார்கள். ஒருமுறை செதுக்கினால் அவற்றின் இயல்பு மாறாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் பெடாட் வகைப் பாலிமரிலேயே அவற்றைச் செய்தார்கள். ஒரு வோல்ட் கொடுத்தால் பாலிமர் உலோகம்போல நடந்து, கதிரின் ஒரு பகுதியை வேறு திசைக்குத் திருப்புகிறது. மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கினால் உலோகத்தன்மை மறைந்து, திரும்பிய கதிரும் அணைந்துவிடுகிறது. நொடிக்கு 30 முறை இப்படி மாற்ற முடிந்தது. காணொளி ஓட அந்த வேகம் போதும்.

நகரும் முப்பரிமாணப் படங்களை மூக்குக்கண்ணாடி அளவுக் கருவியில் காட்டுவதே இந்த ஆய்வின் இலக்கு. இப்போது திரும்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் கொண்டுவர வேண்டும்; ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே இயக்க மின்னிணைப்பும் கொடுக்க வேண்டும்.