உங்களுக்குத் தெரியுமா? போர்வைக்குள் ஒலித்த ராக் இசை

★ 1960-களின் தொடக்கத்தில் பி.பி.சி. வானொலியால் விருப்பம்போல இசைத்தட்டுகளை ஒலிபரப்ப முடியாது. 'ஊசி நேரம்' என்றொரு கட்டுப்பாடு இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் பேசி முடித்த நேரத்துக்கு மேல் தட்டின் மேல் ஊசியை வைக்கக் கூடாது. தட்டே பாடிக்கொண்டிருந்தால் வாசிக்கிறவர்களின் பிழைப்பு என்னாவது என்று சங்கம் அஞ்சியது. மீதி நேரத்தில் புகழ்பெற்ற பாட்டுகளை வாத்தியக் குழுக்கள் வாசித்து ஒப்பேற்றின. அசல் குரலையும் அசல் கிடாரையும் கேட்கத் துடித்த பிள்ளைகளுக்கு அது எப்படிப் போதும்?

★ அவர்கள் இரவுக்காகக் காத்திருந்தார்கள். ரேடியோ லக்சம்பர்க், மத்திய அலை, 208 மீட்டர். பகலில் வானின் மேலடுக்கில் உள்ள ஒரு படலம் மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். இருட்டியதும் அந்தப் படலம் மறைந்துபோக, அலைகள் அதற்கும் மேலே உள்ள இன்னோர் அடுக்கில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டி இங்கிலாந்தில் இறங்கும். அந்த மேல் அடுக்கு ஒரே நிலையில் நிற்பதில்லை. அதனால் ஒலியும் ஏறும், இறங்கும். பிடித்த பாட்டின் நடுவே அடியோடு காணாமலும் போகும். வீட்டார் தூங்கிய பிறகு டிரான்சிஸ்டரைப் போர்வைக்குள் வைத்துக் காதோடு அணைத்துக் கேட்ட ஒரு தலைமுறைக்கு, அந்த இரைச்சலும் பாட்டின் பகுதிதான்.

★ 1964 மார்ச் 28 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒரு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. பெயர் ரேடியோ கரோலின். தொடங்கியவர் அயர்லாந்துக்காரரான ரோனன் ஓ'ராஹிலி. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகள் கரோலினுடைய பெயரையே நிலையத்துக்கு வைத்தார். பகலெல்லாம் பாட்டு! வேறு சிலரும் கப்பலோடு வந்துவிட்டார்கள். 1967 ஆகஸ்டில் அரசு சட்டம் போட்டு இந்தக் 'கடற்கொள்ளை' நிலையங்களை ஒடுக்கியது. ஆனால் பிள்ளைகளின் செவி அதற்குள் பழகிவிட்டதே. அடுத்த மாதமே, செப்டம்பர் 30-இல், பி.பி.சி. ரேடியோ 1 பிறந்தது. அதில் முதல் நிகழ்ச்சியை நடத்திய டோனி பிளாக்பர்ன், கப்பல் வானொலியிலிருந்து கரையேறியவர்.

★ பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டின் பின்அட்டையில் பாடல் வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. பாப் இசைத்தட்டுகளில் அது புதுமை. கூடவே வெட்டி ஒட்டிக்கொள்ள ஒரு அட்டை மீசையும் கிடைத்தது. தட்டு சுழலும்போது பன்னிரண்டு அங்குல அட்டையை மடியில் வைத்து எழுத்துவிடாமல் வாசிப்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கம். முன்அட்டைப் படத்தில் நிற்கும் முகங்களில் யார் யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போதாது.

★ லெட் செப்பலின் குழுவின் நான்காவது இசைத்தட்டு (1971) உறையில் குழுவின் பெயரும் கிடையாது, தட்டின் பெயரும் கிடையாது. விறகுக் கட்டைச் சுமக்கும் முதியவரின் படம் மட்டும். அதிலுள்ள 'ஸ்டெர்வே டு ஹெவன்' எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்தப் பாட்டு அப்போது தனித்தட்டாகக் கடைக்கு வரவில்லை. வேண்டுமென்றால் காசு சேர்த்து முழுத் தட்டையும் வாங்க வேண்டும். வாங்கியவர்கள் மற்றப் பாட்டுகளையும் கேட்டு வளர்ந்தார்கள். இதை நான் பெரிய நன்மை என்றே சொல்வேன்.

★ ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) அட்டையில் நிஜ ஜிப் வைத்துத் தைத்திருந்தார்கள். யோசனை ஓவியர் ஆண்டி வார்ஹோலுடையது. அடுக்கி அனுப்பியபோது ஜிப் அழுத்தித் தட்டுகள் கெட்டன. ஜிப்பைப் பாதிவரை இறக்கி வைத்து அனுப்பினார்கள். அழுத்தம் நடுவிலுள்ள காகித லேபிளின் மேல் விழுந்தது, பாட்டு தப்பியது.

★ குவீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' (1975) 5 நிமிடம் 55 நொடி. இவ்வளவு நீளத்தை எந்த வானொலி போடும் என்று கவலைப்பட்டார்கள். லண்டன் அறிவிப்பாளர் கென்னி எவரெட், தட்டு வெளிவரும் முன்பே இரண்டு நாளில் 14 முறை போட்டார் என்பார்கள். கேட்டவர்கள் கடைகளுக்கு ஓடினார்கள். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். அதை எழுதிப் பாடிய ஃப்ரெடி மெர்குரி, ஃபாரூக் புல்சாரா என்ற சிறுவனாக மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்தவர். முதல் இசைக்குழுவை அங்கேயே நண்பர்களோடு அமைத்தார். பெயர் 'தி ஹெக்டிக்ஸ்'. அதில் அவர் வாசித்தது பியானோ.

★ பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டுப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்தது. பதினைந்து வயதில் அதை வாங்கியவர், முப்பது வயதிலும் அதே பெயரைப் பட்டியலில் பார்த்திருப்பார்.